மூலமும் உரையும் இயந்திரமும்: சட்டத்தொழிலிற் செயற்கை நுண்ணறிவு பற்றிச் சில குறிப்புகள்

1

செயற்கை நுண்ணறிவு சட்டத்தரணிகளின் தொழிலைப் பறித்துவிடுமா என்னும் கேள்வி கடந்த சில ஆண்டுகளாகப் பலராலும் எழுப்பப்பட்டு வருகின்றது. கேள்வி இவ்வாறு அமையும்போது, சட்டத்தரணி என்பவர் நீதிமன்றில் எழுந்து நின்று வாதிடும் கறுப்பு அங்கி அணிந்த தனிமனிதராகவே கற்பனை செய்யப்படுகின்றார். அவருக்குப் பின்னால் எக்காலத்திலும் நீண்டதோர் உழைப்புச் சங்கிலி இருந்து வந்துள்ளமை மறந்துவிடப்படுகின்றது. அப்புக்காத்தையும் பிறக்கிராசியையும் அறிந்திருந்த எமது முந்திய தலைமுறையினர், பிறக்கிராசியின் கந்தோரிலே குனிந்த தலை நிமிராது உறுதிகளைப் பிரதிபண்ணிக்கொண்டிருந்த கிளாக்கரையும் அறிந்திருந்தனர். வழக்கு வெல்லப்பட்டால் அதில் அவருக்குப் பங்கில்லை. பிரதியிற் பிழை நேர்ந்து வழக்குத் தோற்றால் மட்டும் அவர் பெயர் சொல்லப்பட்டது.

ஆகவே, கேட்கத்தக்க கேள்விகள் வேறு. சட்டத்தொழிலிற் செலவாகும் உழைப்பில் எப்பகுதி இயந்திரத்துக்குள் செல்கின்றது? அது யாருடைய உழைப்பு? அவ்வியந்திரம் யாருடைய உடைமை? இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக எழுந்துள்ள ஐக்கிய அமெரிக்காவையும், ஓரளவுக்கு இங்கிலாந்தையும் ஆதாரமாகக் கொண்டு இக்கட்டுரை சில விளக்கங்களைத் தர முயல்கின்றது.

இலக்கிய மாணவன் ஒருவன் சட்டத்துறையினுட் புகுவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயின், சட்டத்தொழிலின் பெரும்பகுதி வாசிப்பும் ஒப்புநோக்கலும் உரையெழுதுதலுமே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பி.எல். பட்டம் பெற்றவர் என்பதும், புதுக்கோட்டையில் நீதிபதியாகப் பணியாற்றியவர் என்பதும் தற்செயலான செய்திகளாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹேர்மன் மெல்வில் 1853இல் எழுதிய 'பார்ட்டில்பி' என்னும் கதையின் நாயகன், நியூயோர்க் நகரச் சட்டத்தரணி ஒருவரின் கந்தோரிற் பக்கக் கணக்கிற்குக் கூலி பெற்று ஆவணங்களைப் பிரதிபண்ணும் எழுத்தன். அவன் முதன்முதலாகச் செய்ய மறுத்த வேலை எது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரதிபண்ணுவதை அவன் பின்னரே கைவிட்டான். எழுதிய பிரதியை மூலத்தோடு வைத்து ஒப்புநோக்கும் வேலையைத்தான் அவன் முதலில் மறுத்தான். தட்டச்சுப் பொறி வந்ததும் அவன் இனத்தார் மறைந்தனர். ஒப்புநோக்கும் வேலை மறையவில்லை. இன்று சட்டத்தொழிலிற் காணப்படும் நெருக்கடிகள் பலவற்றுக்கு இவ்வேலையே மையமாக இருப்பதைக் கீழே காணலாம்.

2

அமெரிக்கக் குடியியல் வழக்குகளில், விடயத்தோடு தொடர்புடைய ஆவணங்களை ஒரு தரப்பினர் மறுதரப்பினருக்கு வெளிப்படுத்துதல் கட்டாயமாகும். கடதாசிக் காலத்தில், பெட்டி பெட்டியாக வந்த கோப்புகளை இளஞ்சட்டத்தரணிகள் அறைகளில் அடைந்து கிடந்து வாசித்தனர். மின்னஞ்சல் பரவியதும் பெட்டிகள் இலட்சங்களாயின. 2000ஆம் ஆண்டுகளில் இவ்வாசிப்பு, நிரந்தர வேலையற்று மணிக்கணக்கில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தரணிகளிடம் சென்றது. அங்கிருந்து அது கடல் கடந்தது. 2004இல் தொடங்கப்பட்ட பங்ஜியா3 என்னும் கம்பனி மும்பையிலும் நொய்டாவிலும் இந்தியச் சட்டப் பட்டதாரிகளை அமர்த்தி, அமெரிக்க வழக்குகளுக்கும் ஒப்பந்தங்களுக்குமான வேலைகளைச் செய்வித்தது. 2010இல் அக்கம்பனியை வாங்கியது தொம்சன் றோய்ட்டர்ஸ். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பின்னரும் அது வரும்.

அடுத்த கட்டம் 2012 பெப்ரவரியில் நிகழ்ந்தது. பப்ளிசிஸ் என்னும் பெரும் விளம்பர நிறுவனத்துக்கு எதிராக, பெண் என்பதனாற் பதவியுயர்விலும் ஊதியத்திலும் தாம் பாரபட்சமாக நடத்தப்பட்டதாக அங்கு பணியாற்றிய பெண்கள் தொடுத்த வழக்கிலே ஏறத்தாழ முப்பது இலட்சம் மின்னஞ்சல்கள் பரிசீலிக்கப்பட வேண்டியிருந்தன. அவற்றைக் கணினியின் துணையோடு பிரித்தெடுக்கலாம் என நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்ற நீதவான் அன்ட்ரூ பெக் தீர்மானித்தார். இம்முறைக்கு இசைவளித்த முதல் நீதிமன்றத் தீர்மானமாக அது கருதப்படுகின்றது. இங்கிலாந்து நீதிமன்றம் 2016இல் அதே வழியிற் சென்றது. முறை எளிமையானது. அனுபவம் மிக்க சட்டத்தரணிகள் ஒரு சிறு மாதிரியை வாசித்து ஒவ்வொன்றையும் 'தொடர்புடையது', 'தொடர்பற்றது' எனக் குறிப்பர். அக்குறிப்புகளிலிருந்து சொற்களின் சேர்க்கை முறைகளைக் கற்கும் இயந்திரம் எஞ்சிய இலட்சங்களைத் தானே வரிசைப்படுத்தும். சிலர் வாசித்த வாசிப்பு இயந்திரத்தினுள் உறைந்து, பலர் வாசிக்க வேண்டியதை வாசித்து முடிக்கின்றது. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் இடத்தில் அமர்வது என மார்க்ஸ் கூறியதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

'மூலதனம்' முதலாம் பாகத்தில் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் சுட்டிய இன்னொன்றும் இங்கு பொருந்துகின்றது. முதலாளி இயந்திரத்தை ஏற்பது உழைப்பு மிச்சமாகும் என்பதற்காக அன்று. அது கூலியை விட மலிவாக இருக்கும்போதுதான். மலிவான கூலி கிடைக்கும் இடத்தில் இயந்திரம் தாமதிக்கும். நியூயோர்க்கின் கூலிக்கு மும்பையின் கூலி மாற்றாக இருந்த வரை வாசிப்பு மும்பையில் நிகழ்ந்தது. இயந்திரத்தின் விலை அதனினும் தாழ்ந்தபோது மும்பையிலும் அது சுருங்கத் தொடங்கியது. தொம்சன் றோய்ட்டர்ஸ் 2019இல் அக்கம்பனியை விற்றுவிட்டது.

3

மேற்கூறியவை வகைப்படுத்தும் இயந்திரங்கள். 2022இன் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்ததோடு எழுதும் இயந்திரங்களின் காலம் தொடங்கிற்று. இவை பேரளவிலான எழுத்துக்களைக் கற்று, ஒரு சொற்றொடரை அடுத்து எது வருவதற்கு மிகுந்த வாய்ப்புண்டு என்பதைக் கணித்து எழுதிச் செல்பவை. எழுதப்படுவது மெய்யா என்னும் வினா அக்கணிப்பிலே தானாக அடங்குவதில்லை.

இதன் விளைவை உலகறியச் செய்தது 2023இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த ஏவியான்க்கா விமானக் கம்பனி வழக்காகும். 2019இற் பயணமொன்றின்போது உணவு பரிமாறும் உலோகத் தள்ளுவண்டி முழங்காலில் மோதியதாற் காயமுற்ற பயணி ஒருவர் நட்டஈடு கோரியிருந்தார். காலம் கடந்துவிட்டதெனக் கம்பனி வாதிட்டது. பயணியின் தரப்புப் பதிலிறுப்பிலே, மெய்யாக நிகழாத ஆறு வழக்குகள் முன்தீர்ப்புகளாகக் காட்டப்பட்டிருந்தன. 'வர்கீஸ் எதிர் சைனா சதேண் எயர்லைன்ஸ்' என்பது அவற்றுள் ஒன்று. அத்தீர்ப்புகளின் வாசகங்களைச் சமர்ப்பிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டபோது, இயந்திரம் ஆக்கித் தந்த வாசகங்களே சமர்ப்பிக்கப்பட்டன. வர்கீஸ் வழக்கு உண்மையானதா எனச் சட்டத்தரணி இயந்திரத்திடமே வினவியிருந்தார். ஆம் என்றும், வெஸ்ட்லோ, லெக்சிஸ்நெக்சிஸ் ஆகிய தரவகங்களில் அதனைக் காணலாம் என்றும் அது விடையிறுத்திருந்தது. 2023 யூன் 22ஆந் தேதி நீதிபதி கெவின் கஸ்ரெல் 5,000 டொலர் தண்டம் விதித்ததோடு, எழுதாத தீர்ப்புகளை எழுதியவர்களாகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்குத் தனித்தனியே கடிதம் அனுப்புமாறும் பணித்தார்.

இவ்வழக்குப் பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்காகவே எடுத்தாளப்படுகின்றது. ஆயின், தீர்ப்பில் வெளிப்படும் இரு விபரங்கள் நகைப்புக்குரியன அல்ல. முதலாவது, அச்சட்டத்தரணியின் கந்தோரில் வெஸ்ட்லோவும் இல்லை, லெக்சிஸ்நெக்சிசும் இல்லை. அவர்கள் சந்தா செலுத்தியிருந்த மலிவான தரவகத்திலே கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்க்கும் வசதி மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கதவடைத்த நூலகத்துக்கு வெளியே நின்றவருக்கு இலவச இயந்திரம் நூலகமாகத் தோன்றியது. அதுவும், உள்ளே சென்று பாருங்கள் என்று அதே நூலகத்தையே கைகாட்டியது. இரண்டாவது, எழுதியவர் ஒருவர், கையொப்பமிட்டவர் இன்னொருவர். எழுதியவருக்குக் கூட்டாட்சி நீதிமன்றிலே தோன்றும் அனுமதி இல்லாமையால், காட்டப்பட்ட வழக்குகளை வாசியாமலே மற்றவர் ஒப்பமிட்டார். உழைப்பும் பொறுப்பும் வெவ்வேறு கைகளிற் பிரிந்து கிடக்கும் தொழிலமைப்பு இயந்திரத்துக்கு முன்னரே இருந்தது. இயந்திரம் அப்பிளவினூடாக நுழைந்தது.

இலண்டனிலும் இவ்வாறே. 2025 யூனில் மேல் நீதிமன்ற ஆயமொன்று, டேம் விக்ரோரியா சார்ப் தலைமையில், இத்தகைய இரு வழக்குகளை ஒருங்கே ஆராய்ந்தது. ஒன்று, வீடற்ற ஒருவர் ஹரிங்கே நகர சபைக்கு எதிராக, வறியோருக்கு உதவும் சட்ட நிலையமொன்றின் வழியாகத் தொடுத்தது. அதில் இல்லாத வழக்குகள் ஐந்து காட்டப்பட்டிருந்தன. மற்றையது எண்பத்தொன்பது மில்லியன் பவுண் சம்பந்தப்பட்டது. அதிற் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் இல்லாதவை. இவ்விரண்டாவதில் ஆய்வைச் செய்தவர் கட்சிக்காரரே. சட்டத்தரணி அதனைச் சரிபாராது தாக்கல் செய்திருந்தார். வழக்கறிவு சட்டத்தரணியிடமிருந்து கட்சிக்காரருக்குச் செல்லும் என்பதே பழைய நியதி. அது தலைகீழான இத்தருணத்தில் சட்டத்தரணியிடம் எஞ்சியிருந்தது ஒப்புநோக்கும் வேலை ஒன்றுதான். அதுவும் செய்யப்படவில்லை.

பணம் கொடுத்து வாங்கும் சிறப்புக் கருவிகள் இக்குறையை நீக்கிவிட்டன என்று விற்பனையாளர் கூறினர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024இல் லெக்சிஸ்நெக்சிஸ், வெஸ்ட்லோ நிறுவனங்களின் அத்தகைய கருவிகளைப் பரிசோதித்தபோது, வினாக்களில் 17 சதவீதம் முதல் 33 சதவீதம் வரையானவற்றுக்குப் பிழையான அல்லது ஆதாரத்தோடு பொருந்தாத விடைகள் கிடைத்தன. இல்லாத வழக்கைக் காட்டுவதனிலும், உள்ள வழக்கு சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது ஆபத்தானது. பெயரைத் தேடிப் பார்ப்பவருக்கு முன்னையது அகப்பட்டுவிடும். பின்னையதைக் கண்டுபிடிக்கத் தீர்ப்பு முழுவதையும் வாசித்தாக வேண்டும்.

4

இனி, இவ்வியந்திரங்கள் எதனை உண்டு வளர்கின்றன என்பதை நோக்கலாம். இவ்விடத்தில் இலக்கிய மாணவருக்கு நன்கு பரிச்சயமான மூலம், உரை என்னும் வேறுபாடு உதவுகின்றது.

நீதிபதியின் தீர்ப்பு மூலம். அது மக்கள் பணத்தில், மக்கள் பெயரால் எழுதப்படுவது. 1834இல் வீற்றன் எதிர் பீற்றர்ஸ் வழக்கிலே, தீர்ப்புகளின் மீது எவருக்கும் பதிப்புரிமை இல்லை என அமெரிக்க உயர் நீதிமன்றம் உரைத்தது. ஆயின் இலட்சக்கணக்கான தீர்ப்புகளுள் வேண்டியதைத் தேடியெடுக்க வழிகாட்டி இல்லாவிடில், மூலம் பொதுவுடைமையாக இருந்தும் பயனில்லை. மினசோட்டா மாநிலத்தின் செயின்ற் போல் நகரில் 1872இல் தொழில் தொடங்கிய ஜோன் வெஸ்ட் கண்டுகொண்டது இதனைத்தான். அவரது நிறுவனம் நாடெங்கும் தீர்ப்புகளைத் திரட்டி அச்சிட்டது. ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் அதன் சட்டக் கருத்துக்களைச் சுருக்கித் தலைக்குறிப்புகள் எழுதுவித்தது. அக்குறிப்புகளைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கியது. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட, பெயர் அறியப்படாத உரையாசிரியர்களின் தலைமுறைகள் இவ்வடுக்கை எழுப்பின. பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் பெயர் சொல்லிப் போற்றும் மரபில் வந்த நாம், பெயரற்ற இவ்வுரையாசிரியர்களுக்காகச் சற்றே தரிக்கலாம். அவர்தம் உழைப்பின் திரட்சியை 1996இல் தொம்சன் நிறுவனம் 340 கோடி டொலருக்கு வாங்கியது. 2008இல் றோய்ட்டர்சுடன் இணைந்து அது தொம்சன் றோய்ட்டர்ஸ் ஆகியது.

ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் முயற்சியாக 2014இல் தோன்றிய றொஸ் என்னும் நிறுவனம், சட்ட வினாக்களுக்கு உரிய தீர்ப்புப் பகுதிகளை எடுத்துத் தரும் இயந்திரமொன்றை ஆக்க முனைந்தது. வெஸ்ட்லோவைப் பயன்படுத்த உரிமம் கேட்டபோது, போட்டியாளர் என்பதால் மறுக்கப்பட்டது. பின்னர் றொஸ் வேறொரு நிறுவனத்தின் வழியாகச் சட்டத்தரணிகளைக் கொண்டு எழுதுவித்த ஏறத்தாழ 25,000 வினாவிடைகளை வாங்கி இயந்திரத்தைப் பயிற்றியது. அவை வெஸ்ட்லோவின் தலைக்குறிப்புகளைத் தழுவி எழுதப்பட்டவை. 2020இல் தொம்சன் றோய்ட்டர்ஸ் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வரும் வரை றொஸ் உயிரோடிருக்கவில்லை. வழக்குச் செலவைத் தாங்காது 2021இல் மூடப்பட்டது. 2025 பெப்ரவரியில் நீதிபதி ஸ்ரெபானோஸ் பீபஸ், 2,243 தலைக்குறிப்புகளைப் பொறுத்துப் பதிப்புரிமை மீறப்பட்டதாகவும், அது நியாயமான பயன்பாடு ஆகாது எனவும் தீர்த்தார். பொதுவுடைமையான தீர்ப்பிலிருந்து எதனை எடுப்பது, எதனை விடுவது எனத் தெரிவதே ஆக்கம் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று. பளிங்கிலிருந்து வேண்டாததைச் செதுக்கி நீக்கும் சிற்பியை அவர் உவமை காட்டினார். அதே ஆண்டில் இவ்வினாக்கள் மேன்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

உரை ஆக்கமே என்பதை இலக்கிய மாணவர் எவரும் மறுக்கமாட்டார். சிற்பி உவமையும் பொருத்தமானதே. ஆனால் உவமையிலே சிற்பி வருகின்றார். நீதிமன்றுக்கு வந்தவர் சிற்பக்கூடத்தின் சொந்தக்காரர். இதனோடு 2020இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஜோர்ஜியா மாநிலச் சட்டக்கோவை பற்றி அளித்த தீர்ப்பை ஒப்பிட வேண்டும். அக்கோவைக்கு லெக்சிஸ் நிறுவனம் எழுதிய விளக்கக் குறிப்புகள் மாநிலச் சட்டமன்றத்தின் சார்பில் ஆக்கப்பட்டவை என்பதால் அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக அங்கு தீர்க்கப்பட்டது. ஒரே வகையான உரை, அரசுக்காக எழுதப்படின் மக்களுடையது. கம்பனிக்காக எழுதப்படின் கம்பனியுடையது. இரு சந்தர்ப்பத்திலும் எழுதியவர் சம்பளக்காரரே. செயற்கை நுண்ணறிவு யுகத்தில் இவ்வேறுபாடு முன்னொருபோதும் இல்லாத கனதியைப் பெறுகின்றது. உரையின் உடைமையாளரே சிறந்த சட்ட இயந்திரத்தை ஆக்கும் வல்லமையும் உடையவராகின்றார். எழுதும் இயந்திரத்தைச் சட்டத்துறைக்கு முன்கூட்டியே கொண்டுவந்த கேஸ்ரெக்ஸ்ற் என்னும் நிறுவனத்தை 2023இல் 65 கோடி டொலருக்கு வாங்கியவரும் தொம்சன் றோய்ட்டர்ஸ்தான்.

எமது நாட்டு வாசகர் இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். எமது உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் வழக்காடும் ஒருவருக்கு மூலமே எட்டாதிருக்கையில் உரையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகவே இருக்கும்.

5

சட்டத்தரணியின் நேரம் சரக்காக விற்கப்படுவதை மறைபொருளாகக் கொள்ளத் தேவையில்லை. அமெரிக்கச் சட்டக் கம்பனிகள் மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஓர் அலகாகக் கட்டணம் எழுதுவது வழக்கம். பத்து மணித்தியால வேலையை இயந்திரம் ஒன்றில் முடித்தால் எத்தனை மணித்தியாலத்துக்குப் பணம் கேட்பது? செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே கேட்கலாம் என அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2024 யூலையில் வெளியிட்ட 512ஆம் இலக்க ஒழுக்கவியற் கருத்துரை கூறுகின்றது. இதன்படி மிச்சமாகும் நேரம் கட்சிக்காரரைச் சென்றடைய வேண்டும். சென்றடையும் கட்சிக்காரர் யார் என்பதே வினா. ஜே.பி. மோர்கன் வங்கி, தன் வணிகக் கடன் ஒப்பந்தங்களை வாசிக்கச் சொந்தமாகவே இயந்திரம் அமைத்து, ஆண்டுக்கு 3,60,000 மணித்தியால வேலையை மிச்சப்படுத்தியதாக 2017இற் செய்தி வெளிவந்தது. மறுபுறத்தில், 'உலகின் முதலாவது இயந்திரச் சட்டத்தரணி' எனச் சாதாரண மக்களுக்கு விளம்பரம் செய்த டூ நொற் பே என்னும் கம்பனி, தன் கருவி மனிதச் சட்டத்தரணிக்கு ஈடானதா எனச் சோதித்தறியாமலே விற்றமைக்காக 1,93,000 டொலர் செலுத்த வேண்டுமென அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025இல் இறுதிக் கட்டளை பிறப்பித்தது. வங்கிக்குச் சோதிக்கப்பட்ட இயந்திரமும், வறியவருக்குச் சோதிக்கப்படாத இயந்திரமும் கிடைத்தன.

தொழிலினுள்ளே நிகழும் மாற்றம் மெதுவானது, ஆயின் ஆழமானது. சிந்தித்துத் திட்டமிடுதலையும் செய்து முடித்தலையும் முதலாளித்துவம் வேறுவேறாகப் பிரித்தமையை ஹரி பிரேவர்மன் 1974இல் விரிவாக விளக்கினார். சட்டத்தொழிலிலோ இளையவர், கீழ்நிலை வாசிப்பைச் செய்து செய்தே மேல்நிலைச் சிந்தனைக்கு உயர்ந்தனர். சலிப்பூட்டும் அவ்வாசிப்பே அவர்தம் கல்லூரி. கீழ்ப்படிகளை இயந்திரம் எடுத்துக்கொண்டபின் மேற்படிக்கு வருபவர் எங்கிருந்து வருவர் என்பதற்குச் சட்டக் கம்பனிகளிடம் தெளிவான விடையை நான் காணவில்லை. இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பை நீதிமன்றங்கள் மனிதர் மீது சுமத்துகின்றன. சரிபார்க்கும் ஆற்றலோ, இயந்திரம் எடுத்துக்கொண்ட அதே வாசிப்பினாலேயே விளைவது.

6

இதுவரை கூறியன சட்டத்தரணியின் மேசையைப் பற்றியன. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கூண்டிலிருந்து பார்க்கும்போது, வாசிப்பு மறுக்கப்படுவது இன்னொரு வகையிற் புலனாகின்றது.

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், குற்றவாளி மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பை மதிப்பிட்டு எண்ணாகத் தரும் கொம்பாஸ் என்னும் கணினிக் கருவி பயன்பட்டு வந்தது. எழுதும் இயந்திரங்களுக்கு முற்பட்ட, புள்ளிவிபர அடிப்படையிலான கருவி அது. தனியார் கம்பனியொன்றின் உடைமை. 2016 மே மாதத்தில் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம், புளோரிடா மாநிலத்தின் புரோவார்ட் பிரதேசத் தரவுகளைக் கொண்டு அதனை ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் புரியாதவர்களுள், பிழையாக ஆபத்தானவர் என முத்திரை குத்தப்பட்டோர் கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம் என அது கண்டது. கம்பனி அம்முடிவை மறுத்தது.

அவ்வாண்டு யூலையில் விஸ்கொன்சின் மாநில உயர் நீதிமன்றத்தின் முன் ஒருவரது முறையீடு வந்தது. அவரது தண்டனையைத் தீர்மானிக்கையில் கீழ் நீதிமன்றம் இவ்வெண்ணையும் கவனத்திற் கொண்டிருந்தது. எண் எவ்வாறு கணிக்கப்பட்டது, எந்த விடைக்கு எவ்வளவு நிறை கொடுக்கப்பட்டது என்பன கம்பனியின் வர்த்தக இரகசியம். தன்னைப் பற்றிய கணிப்பை வாசித்து மறுக்கத் தனக்கு வழியில்லை என்பதே அவரது வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இக்கருவியின் குறைகளைச் சுட்டும் எச்சரிக்கைகள் நீதிபதிகளுக்குத் தரப்படும் அறிக்கையிற் சேர்க்கப்பட வேண்டும் என்றும், எண்ணை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு தண்டனை தீர்மானிக்கலாகாது என்றும் அது வரையறுத்தது. அவரது வினாக்கொத்தில் விடைகள் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என அவர் ஒப்புநோக்கிக் கொள்ளலாம் என்றும் கூறியது. அவ்விடைகளிலிருந்து எண் பிறந்த வழி மட்டும் மூடியே இருந்தது. 2017 யூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அவருக்கு விதிக்கப்பட்டிருந்த ஆறாண்டுச் சிறைத்தண்டனை அவ்வாறே நின்றது.